ஹெடர் நிற்க மாட்டேன் என்கிறதா? ஃபிக்ஸ்டும் ஸ்க்ரோலும் மக்கர் செய்யும்போது பார்க்க வேண்டியவை

வலைப்பக்கத்தின் ஹெடருக்கு (மேலே இருக்கும் தலைப்பட்டைக்கு) பொசிஷன் ஃபிக்ஸ்டு கொடுத்தாயிற்று; ஸ்க்ரோல் செய்தாலும் அது அசையாமல் நிற்க வேண்டும். ஸ்க்ரோல் செய்தால் அதுவும் கூடவே ஓடிவிடுகிறது. இல்லாவிட்டால் நிற்கிறது, ஆனால் முதல் பத்தியை விழுங்கிக்கொண்டு நிற்கிறது. கம்ப்யூட்டரில் ஒழுங்காக இருந்த கீழ்ப்பட்டை மொபைலில் பாதிதான் தெரிகிறது. இந்த நேரத்தில் பலரும் இசட்-இண்டெக்ஸை (எது எதற்கு மேல் வரும் என்று சொல்லும் எண்ணை) 9999 ஆக்கிப் பார்ப்பார்கள், மற்ற விதிகளை மீறவைக்கும் இம்ப்பார்ட்டன்ட் சேர்த்துப் பார்ப்பார்கள். இரண்டும் அநேகமாக உதவாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த எலிமென்ட் (பக்கத்தின் ஓர் உறுப்பு) எந்தப் பெட்டியை வைத்துத் தன் இடத்தை அளக்கிறது? பக்கத்தில் உண்மையில் ஸ்க்ரோல் ஆகிற பெட்டி எது? இவற்றுக்கு நாம் மனதில் வைத்திருக்கும் விடை ஒன்று, பிரவுசர் வைத்திருக்கும் விடை வேறு. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் சொற்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறது. கோடில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் ஒரு நிமிடச் சோதனை

1. மக்கர் செய்யும் எலிமென்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். பிரவுசரின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸ் திறந்து, எலிமென்ட்ஸ் பகுதியில் அந்த வரி தேர்வாகியிருக்கும்.

2. ‘கம்ப்யூட்டட்’ டேபில் பொசிஷன் என்னவென்று பாருங்கள். ஃபிக்ஸ்டு இல்லாமல் ‘ஸ்டேட்டிக்’ (இயல்பு நிலை) என்று இருந்தால் விதியே வந்து சேரவில்லை. ‘ஸ்டைல்ஸ்’ டேபில் அந்த வரி குறுக்கே அடிக்கப்பட்டிருந்தால் வேறொரு விதி அதை மீறியிருக்கிறது. அடித்ததோடு பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கைக் குறியும் இருந்தால் எழுத்துப்பிழை. வரியே காணோம் என்றால் செலக்டர் (விதி எந்த எலிமென்ட்டுக்கு என்று சொல்லும் பகுதி) பொருந்தவில்லை, அல்லது கேஷில் (பிரவுசரின் சேமிப்பில்) கிடந்த பழைய சிஎஸ்எஸ் ஃபைல் வருகிறது.

3. ஃபிக்ஸ்டு என்றே காட்டினால், எலிமென்ட்ஸ் பகுதியிலேயே அந்த எலிமென்ட்டை மவுஸால் இழுத்து, பாடி டேக் மூடுவதற்குச் சற்று முன்னால் விடுங்கள். இப்போது ஸ்க்ரோல் செய்யுங்கள்.

இடம் மாற்றியதும் சரியாக நின்றால், எலிமென்ட்டின் சொந்த விதிகளில் குற்றமில்லை. அதற்கு மேலே இருந்த பேரன்ட்களில் (அதைத் தமக்குள் வைத்திருந்த எலிமென்ட்களில்) ஏதோ ஒன்றுதான் காரணம். இடம் மாறியும் தொல்லை தொடர்ந்தால் சொந்த விதிகளைப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ‘ஹெடருக்குள் இருக்கும் மெனு’ என்ற மாதிரி பேரன்ட்டை நம்பி எழுதிய செலக்டர், இடம் மாறியதும் பொருந்தாமல் போகும். இழுத்துவிட்ட பிறகும் ஃபிக்ஸ்டு விதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

பேரன்ட் செய்கிற கோளாறு

ஃபிக்ஸ்டு என்றால் திரையோடு ஒட்டி நிற்கும் என்றுதான் எல்லாரும் படிக்கிறோம். பாதி உண்மைதான் அது. மேலே உள்ள எலிமென்ட்களில் எதற்காவது கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தால், ஃபிக்ஸ்டு எலிமென்ட் திரையை விட்டுவிட்டு அந்தப் பெட்டியை வைத்து அளக்கத் தொடங்கிவிடும்: டிரான்ஸ்ஃபார்ம், டிரான்ஸ்லேட், ரொட்டேட், ஸ்கேல், பெர்ஸ்பெக்டிவ், ஃபில்ட்டர், பேக்டிராப்-ஃபில்ட்டர், இவற்றில் ஒன்றைக் குறிப்பிடும் வில்-சேஞ்ச், கன்டெயின் பெயின்ட் அல்லது கன்டெயின் லேஅவுட், கன்டென்ட்-விசிபிலிட்டி ஆட்டோ. மதிப்பு பூஜ்யமாக இருந்தாலும் கணக்கில் சேரும். டிரான்ஸ்லேட்ஒய் 0 கண்ணுக்கு எந்த மாற்றமும் காட்டாது, ஆனாலும் ஃபிக்ஸ்டைப் பிடித்துக்கொள்ளும். ‘நன்’ என்று இருந்தால் மட்டுமே விடுதலை. ஒப்பாசிட்டியும் ஓவர்ஃப்ளோ ஹிடனும் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றின் மீது பழி போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்றைய பக்கங்களில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஓர் அமைப்பைக் கிட்டத்தில் பார்ப்போம். 64 பிக்சல் உயர ஹெடர். பின்னால் ஓடும் படங்கள் மங்கலாகத் தெரியவேண்டும் என்று பேக்டிராப்-ஃபில்ட்டரில் ப்ளர் 12 பிக்சல் போட்டிருக்கிறது. அந்த ஹெடருக்குள்ளேயே மொபைல் மெனு; அதற்கு பொசிஷன் ஃபிக்ஸ்டு, இன்செட் 0. மெனு முழுத்திரையையும் மூடவேண்டும். பட்டனைத் தட்டினால் 64 பிக்சல் உயரத்துக்கு ஒரு கீற்று மட்டும் வருகிறது, முதல் லிங்க் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. மெனுவில் பிழை எதுவும் இல்லை. இன்செட் 0 என்றால் நான்கு பக்கமும் ஒட்டிக்கொள் என்று பொருள். அது ஒட்டிக்கொண்டது ஹெடரின் நான்கு பக்கத்தோடு. மெனுவின் உயரத்தை 100விஎச் (திரையின் முழு உயரம்) என்று அடித்தால் முழுசாகத் தெரியும், பிரச்சினை தீர்ந்த மாதிரியும் இருக்கும். ஆனால் அளப்பது இன்னும் ஹெடரை வைத்துத்தான். ஹெடருக்கு மேலே ஓர் அறிவிப்புப் பட்டை வந்தவுடன் மெனுவும் அத்தனை பிக்சல் கீழே இறங்கிவிடும்.

நேரான தீர்வு: ப்ளரை ஹெடரிலிருந்து எடுத்து, ஹெடரின் பிஃபோர் சூடோ எலிமென்ட்டில் (சிஎஸ்எஸ் மட்டுமே உண்டாக்கும் கூடுதல் பெட்டியில்) போடுங்கள். கன்டென்ட்டுக்கு வெற்று மேற்கோள், பொசிஷன் அப்சல்யூட், இன்செட் 0, இசட்-இண்டெக்ஸ் -1. சூடோ எலிமென்ட்டுக்குள் மெனு இல்லாததால் மெனு மறுபடி திரையை அளக்கும். ஹெடரே ஃபிக்ஸ்டாகவோ ஸ்டிக்கியாகவோ (தன் இயல்பான இடத்தில் இருந்து, ஸ்க்ரோல் ஆகும்போது விளிம்பில் ஒட்டிக்கொள்வது) இருந்தால் -1 ஹெடருக்குள்ளேயே அடங்கிவிடும். ஸ்டேட்டிக் ஹெடர் என்றால் பொசிஷன் ரிலேட்டிவும் ஐசொலேஷன் ஐசொலேட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ப்ளர் பக்கத்தின் பின்னணிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

இரண்டாவது பெரிய குற்றவாளி அனிமேஷன். பக்கம் திறக்கும்போது உள்ளடக்கம் 20 பிக்சல் கீழிருந்து மெல்ல மேலே வருவதுபோல் செய்திருப்பீர்கள். அனிமேஷன்-ஃபில்-மோட் ஃபார்வர்ட்ஸ் அல்லது போத் என்று இருந்தால், அனிமேஷன் முடிந்த பிறகும் அதன் பிடி விடாது. கடைசி கீஃபிரேமில் (அனிமேஷனின் முடிவு நிலையில்) டிரான்ஸ்ஃபார்ம் நன் என்றே எழுதினாலும், அந்த எலிமென்ட்டுக்கு வில்-சேஞ்ச் டிரான்ஸ்ஃபார்ம் இருப்பதாகவே பிரவுசர் நடந்துகொள்ள வேண்டும் என்பது விதி. ஃபில்-மோடை பேக்வர்ட்ஸ் என்று மாற்றினால் தீர்ந்தது. தொடங்குமுன் மறைந்திருப்பது அப்படியே இருக்கும், முடிந்ததும் எலிமென்ட் சாதாரண நிலைக்குத் திரும்பிவிடும்.

ஸ்க்ரோலை மென்மையாக்கும் பிளகின்களில் சில, பக்கம் முழுவதையும் ஒரு டிவ்வுக்குள் (வெறும் பெட்டி எலிமென்ட்டுக்குள்) போட்டு அதை டிரான்ஸ்ஃபார்மால் நகர்த்துகின்றன. அதற்குள் எந்த ஃபிக்ஸ்டும் வேலை செய்யாது. ஃபிக்ஸ்டு எலிமென்ட்டை அந்த டிவ்வுக்கு வெளியே, பாடியின் நேரடிக் குழந்தையாக வையுங்கள். பக்கம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்க ஃபில்ட்டரை பாடியில் போடுவதும் இதே தொல்லையைத் தரும். அதே ஃபில்ட்டரை எச்டிஎம்எல் எலிமென்ட்டில் போட்டால் தராது, ஏனென்றால் எல்லாவற்றையும் உள்ளடக்கிய ரூட் எலிமென்ட்டான அதற்கு ஃபில்ட்டர் விஷயத்தில் விலக்கு உண்டு.

பாப்அப் பெட்டி என்றால் இத்தனை துப்பறியவே தேவையில்லை. டயலாக் எலிமென்ட்டை எடுத்து ஷோமோடல் மூலம் திறந்தால், அது எல்லாவற்றுக்கும் மேலான டாப் லேயருக்குப் போய்விடும். மேலே எத்தனை டிரான்ஸ்ஃபார்ம் இருந்தாலும் திரையைத்தான் அளக்கும், இசட்-இண்டெக்ஸ் சண்டையும் கிடையாது. 2022 மார்ச் முதல் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இருக்கிறது.

சொந்த விதிகளில் வரும் சின்னப் பிழைகள்

டாப் 0 எழுத மறப்பது முதல் பிழை. டாப், பாட்டம் இரண்டும் இல்லாவிட்டால் ஃபிக்ஸ்டு எலிமென்ட் தான் இயல்பாக இருந்திருக்கும் உயரத்திலேயே நிற்கும். அடுத்து வரும் தலைப்பின் மார்ஜின் பாடியோடு கலந்து ஹெடரையும் சேர்த்துக் கீழே தள்ளும்போதுதான் ‘ஹெடருக்கு மேலே இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது’ என்ற கேள்வி எழும்.

ஃபிக்ஸ்டு ஆனதும் பெட்டி தன் உள்ளடக்கத்தின் அகலத்துக்குச் சுருங்கும். லெஃப்ட் 0, ரைட் 0 கொடுப்பது நல்லது. விட்த் 100% கொடுத்துப் பக்கவாட்டில் பேடிங் 20 பிக்சல் சேர்த்தால் மொத்தம் 40 பிக்சல் வெளியே துருத்தும். பாக்ஸ்-சைசிங் பார்டர்-பாக்ஸ் வேண்டும். 100விடபிள்யூ வேண்டவே வேண்டாம். அது ஸ்க்ரோல்பாரின் அகலத்தையும் சேர்த்து எண்ணும். சதவீத அகலமும் ஏமாற்றும்: 25% அகல நெடுவரிசைக்குள் இருக்கும் மெனுவை ஃபிக்ஸ்டு ஆக்கி 100% கொடுத்தால், திரையின் 100% வரும்.

திரையைவிட உயரமான ஃபிக்ஸ்டு மெனுவின் கடைசி லிங்க்குகளை யாராலும் எட்ட முடியாது, ஏனென்றால் பக்கம் ஓடினாலும் மெனு ஓடாது. மேக்ஸ்-ஹைட் 100டிவிஎச் (இந்த அலகு கீழே ‘மொபைல்’ பகுதியில் வருகிறது), ஓவர்ஃப்ளோ-ஒய் ஆட்டோ இரண்டும் சேர்த்தால் மெனு தனக்குள் ஸ்க்ரோல் ஆகும்.

விழுங்கப்பட்ட உள்ளடக்கம்

ஃபிக்ஸ்டு எலிமென்ட் பக்கத்தின் ஓட்டத்திலிருந்து விலகிவிடுகிறது. அதன் இடத்தை அடுத்த எலிமென்ட் நிரப்பிக்கொள்ளும். ஹெடர் 64 பிக்சல் என்றால் பாடிக்குப் பேடிங்-டாப் 64 பிக்சல் கொடுப்பது வழக்கம். ஆனால் சிறிய திரையில் மெனு இரண்டு வரியாக மடங்கி ஹெடர் 112 பிக்சல் ஆகும்போது கணக்கு பொய்க்கும். மேலே நிற்கும் ஹெடருக்கு பொசிஷன் ஸ்டிக்கி, டாப் 0 போடுவதே எங்கள் பரிந்துரை. ஸ்டிக்கி தன் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை, பேடிங் கணக்கே வேண்டாம். ஃபிக்ஸ்டை மிதக்கும் பட்டன், கீழ்ப்பட்டை, முழுத்திரை மெனு இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக்குள்ளேயே தாவும் லிங்க்கைத் தட்டினால் தலைப்பு ஹெடருக்கு அடியில் போய் மறைகிறதா? எச்டிஎம்எல் எலிமென்ட்டுக்கு ஸ்க்ரோல்-பேடிங்-டாப் 80 பிக்சல் கொடுங்கள்: ஹெடரின் 64, மூச்சுவிட 16. பாடிக்குக் கொடுத்தால் பலனில்லை. ஏதோ ஒரு தலைப்புக்கு மட்டும் வேறு அளவு வேண்டுமானால் அந்தத் தலைப்பில் ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப்.

ஸ்டிக்கி ஒட்டாவிட்டால்

டாப் மதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்டிக்கி வெறும் அலங்காரம். அடுத்து, மேலே எந்த பேரன்ட்டுக்காவது ஓவர்ஃப்ளோ ஹிடன், ஆட்டோ, ஸ்க்ரோல் இருக்கிறதா? ஸ்டிக்கி தனக்கு மிக அருகில் உள்ள ஸ்க்ரோல் பெட்டியோடுதான் ஒட்டும். ஹிடன் போட்ட பெட்டியும் ஸ்க்ரோல் பெட்டிதான், ஸ்க்ரோல்பார் தெரியாது, அவ்வளவே. அந்தப் பெட்டி நகராததால் ஸ்டிக்கிக்கும் வேலை வராது. ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் மட்டும்தானே போட்டேன் என்பீர்கள். ஒரு திசையில் ஹிடன் போட்டால், மறுதிசையில் விசிபிள் இருந்தது தானாகவே ஆட்டோ ஆகிவிடும். ஹிடன் இருந்த இடத்தில் ‘கிளிப்’ போட்டால் வெளியே துருத்துவதும் வெட்டப்படும், ஸ்டிக்கியும் ஒட்டும். சஃபாரியில் இதற்கு 16ஆம் பதிப்பு முதல் ஆதரவு.

மூன்றாவது காரணம் இடமின்மை. ஸ்டிக்கி தன் பேரன்ட்டின் எல்லையைத் தாண்டாது. ஹெடரை ஒரு டிவ்வுக்குள் தனியாகப் போட்டிருந்தால் இரண்டின் உயரமும் ஒன்றே, நகர வழியில்லை. பெட்டிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கும் ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் பக்கப்பட்டையில் இது தலைகீழாக நடக்கும். பட்டை பக்கத்து நெடுவரிசையின் உயரத்துக்குத் தானே நீண்டுகொள்வதால் நகர இடம் இருக்காது. அலைன்-செல்ஃப் ஸ்டார்ட் என்ற ஒரே வரி போதும்.

ஸ்க்ரோல் ஆவது யார்?

‘மேலே செல்’ பட்டன் தோன்றவே இல்லை. டெவ்டூல்ஸின் கன்சோலில் விண்டோவின் ஸ்க்ரோல்ஒய் மதிப்பைக் கேட்டால், பக்கம் பாதி ஓடிய பிறகும் 0 என்கிறது. அப்படியானால் ஓடுவது பக்கம் அல்ல, உள்ளே இருக்கும் ஏதோ ஒரு டிவ். 100விஎச் உயரமும் ஓவர்ஃப்ளோ ஆட்டோவும் கொண்ட ஒரு மூடுறை டிவ் இருக்கும், தேடுங்கள். ஸ்க்ரோல் நிகழ்வு அந்த டிவ்விலிருந்து விண்டோவுக்கு மேலேறி வராது. ஆகவே லிசனரை (ஸ்க்ரோலைக் கவனிக்கும் கோடை) அந்த டிவ்விலேயே வைக்க வேண்டும், அல்லது டிவ்வின் உயரத்தை எடுத்துவிட்டுப் பக்கத்தையே ஓடவிட வேண்டும். இரண்டாவதே மேல். மொபைலில் முகவரிப் பட்டை சுருங்குவது பக்கம் ஓடினால்தான் நடக்கும்.

இரண்டு ஸ்க்ரோல்பார் தெரிவதன் பின்னால் பெரும்பாலும் எச்டிஎம்எல், பாடி இரண்டுக்கும் ஓவர்ஃப்ளோ கொடுத்தது இருக்கும். பாடிக்கு மட்டும் கொடுத்தால் பிரவுசர் அதைத் திரைக்கு மாற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் கொடுத்தால் எச்டிஎம்எல்லுடையது திரைக்குப் போகும், பாடி தனி ஸ்க்ரோல் பெட்டியாக மாறிவிடும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

பக்கவாட்டில் ஆடும் பக்கத்துக்கு: எல்லா எலிமென்ட்டுக்கும் சிவப்பு நிறத்தில் 1 பிக்சல் அவுட்லைன் போட்டுப் பாருங்கள். பார்டர் போடாதீர்கள், அது இடம் பிடித்துக்கொண்டு நிலைமையை மாற்றிவிடும். ஃபயர்பாக்ஸில் இதுகூட வேண்டாம். இன்ஸ்பெக்டரில் ஸ்க்ரோல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ‘ஸ்க்ரோல்’ என்று ஒரு வில்லை தெரியும். அதைத் தட்டினால் வெளியே துருத்தும் எலிமென்ட்டைக் காட்டிக்கொடுக்கும்.

பாப்அப் திறந்திருக்கும்போது பின்னணியை நிறுத்துவது

பாடிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் போடுவது எளிய வழி. ஸ்க்ரோல்பார் மறைவதால் விண்டோஸில் பக்கம் 15 முதல் 17 பிக்சல் வரை வலப்பக்கம் விரிந்து குலுங்கும். எச்டிஎம்எல்லுக்கு ஸ்க்ரோல்பார்-கட்டர் ஸ்டேபிள் கொடுத்தால் அந்த இடம் காலியாகவே காக்கப்படும். பாப்அப்புக்குள் கடைசிவரை ஸ்க்ரோல் செய்ததும் பின்னணி ஓடுவதைத் தடுக்க, உள்ளே ஸ்க்ரோல் ஆகும் பெட்டிக்கு ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர் கன்டெயின்.

பழைய ஐபோன்களில் பாடியின் ஹிடனை சஃபாரி மதிக்காது. அங்கே திறக்கும்போது ஸ்க்ரோல்ஒய் மதிப்பைச் சேமித்துவைத்து, பாடியை பொசிஷன் ஃபிக்ஸ்டு, விட்த் 100% ஆக்கி, டாப்பில் அந்த மதிப்பை மைனஸில் கொடுப்பார்கள்: 1240 பிக்சலில் இருந்தால் -1240. மூடும்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஸ்க்ரோல்டூ மூலம் 1240க்குத் திரும்ப வேண்டும். எச்டிஎம்எல்லில் ஸ்க்ரோல்-பிஹேவியர் ஸ்மூத் இருந்தால் பக்கம் உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குவது அப்பட்டமாகத் தெரியும். ஸ்க்ரோல்டூவில் பிஹேவியரை ‘இன்ஸ்டன்ட்’ என்று குறிப்பிடுங்கள்.

மொபைல்

100விஎச் என்பது முகவரிப் பட்டை சுருங்கியிருக்கும்போது உள்ள உயரம். பட்டை விரிந்திருக்கையில் பெட்டியின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடும். 100டிவிஎச் பட்டையோடு சேர்ந்து மாறும்; 100எஸ்விஎச் எப்போதும் சிறிய உயரத்தைக் கொள்ளும். முழுத்திரை மெனுவுக்கு டிவிஎச், முதல் பார்வையில் வரும் பெரிய படத்துக்கு எஸ்விஎச் என்று வைத்துக்கொள்ளலாம். படத்துக்கு டிவிஎச் கொடுத்தால் ஸ்க்ரோல் செய்யும்போது அது நீண்டு கீழே உள்ளதை எல்லாம் உதைக்கும். 2022 முடிவதற்குள் முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இந்த அலகுகள் வந்துவிட்டன. பழைய பிரவுசர்களுக்காக மேல்வரியில் விஎச், அடுத்த வரியில் டிவிஎச் என இரண்டையும் எழுதுங்கள்.

கீழ்ப்பட்டை ஐபோனின் கீழ்க்கோட்டில் இடித்தால், பேடிங்-பாட்டமில் சேஃப்-ஏரியா-இன்செட்-பாட்டம் மதிப்பை என்வ் (பிரவுசர் தரும் அளவை எடுக்கும் சிஎஸ்எஸ் வழி) மூலம் சேருங்கள். வியூபோர்ட் மெட்டா டேகில் வியூபோர்ட்-ஃபிட் கவர் இல்லாவிட்டால் அந்த மதிப்பு 0 என்றே வரும். பலர் தடுக்கி விழும் இடம் இது.

கீபோர்டு மேலே வந்ததும் கீழ்ப்பட்டை அதன் பின்னால் ஒளிவது ஐபோனில் இயல்பு. ஆண்ட்ராய்டு குரோமிலும் 108ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான். குரோமில் மெட்டா டேகில் இன்டராக்டிவ்-விட்ஜெட் ரீசைசஸ்-கன்டென்ட் சேர்த்தால் பட்டை மேலேறும். ஐபோனுக்கு விஷுவல்வியூபோர்ட்டின் (கீபோர்டு போக மிஞ்சும் பகுதியின்) உயரத்தை ஜாவாஸ்கிரிப்டில் கவனிக்க வேண்டும். அத்தனை பாடு படுவதைவிட, ‘அனுப்பு’ பட்டனைக் கீழ்ப்பட்டையில் ஒட்டாமல் படிவத்துக்குள்ளேயே வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மேலே வராத எலிமென்ட்

இசட்-இண்டெக்ஸ் 9999 இருந்தும் அடியில் கிடந்தால், பேரன்ட்டின் இசட்-இண்டெக்ஸைப் பாருங்கள். ஃபிக்ஸ்டும் ஸ்டிக்கியும் தனித்தனி அடுக்கு உண்டாக்கும். 1 என்ற அடுக்குக்குள் இருக்கும் 9999, வெளியே இருக்கும் 2ஐ வெல்லாது. எண்ணைக் கூட்டுவதில் அர்த்தமில்லை. பேரன்ட்டை உயர்த்துங்கள், அல்லது எலிமென்ட்டை வெளியே எடுங்கள்.

பெரிதாக்கிப் பாருங்கள்

1280க்கு 1024 திரையில் பிரவுசரை 400% பெரிதாக்கினால், பக்கத்துக்குக் கிடைப்பது 320க்கு 256 பிக்சல். மேலே 64 பிக்சல் ஹெடர், கீழே 64 பிக்சல் குக்கீ அறிவிப்பு என்றால் பாதித் திரை போய்விட்டது. பார்வைக் குறைவால் பெரிதாக்கிப் படிப்பவர் நடுவில் மிஞ்சும் 128 பிக்சல் இடுக்கில்தான் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். மொபைலைப் படுக்கவைத்தாலும் கிட்டத்தட்ட இதே கதி. டேப் கீயை அழுத்தி நகரும்போது ஃபோகஸ் வாங்கிய லிங்க் இந்தப் பட்டைகளுக்குப் பின்னால் முழுவதும் மறையக் கூடாது என்று 2023 அக்டோபரில் வந்த டபிள்யுசிஏஜி 2.2 என்ற அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.4.11ஆம் விதி சொல்கிறது. மேலே சொன்ன ஸ்க்ரோல்-பேடிங்-டாப் இதற்கும் கைகொடுக்கும். கீழ்ப்பட்டை இருந்தால் ஸ்க்ரோல்-பேடிங்-பாட்டமும் வையுங்கள். அதோடு, மேக்ஸ்-ஹைட் 400 பிக்சல் என்று ஒரு மீடியா குவெரி (குறிப்பிட்ட திரை அளவில் மட்டும் செயல்படும் விதி) எழுதி, அதற்குள் ஹெடரையும் கீழ்ப்பட்டையையும் பொசிஷன் ஸ்டேட்டிக் ஆக்கிவிடுங்கள். பாடிக்குக் கொடுத்திருந்த பேடிங்கையும் அங்கேயே 0 ஆக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் ஹெடருக்கு மேலே 64 பிக்சல் வெற்றிடம் வரும்.